இஞ்சினுக்கு ஒரு வாசல்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் பாலக்கோட்டில் வேறு யாராவது சொல்வார்கள். அவர்கள் சொன்னால் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துச் சொல்வார்கள். என் கண்ணெதிரே சந்தைக்குள் ஓடிவந்து நின்ற ஒரு வண்டியின் முன்மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இஞ்சினக் காணோம்! எவனோ இஞ்சினக் கழட்டிக்கினு போய்ட்டான்!" என்று ஊரைக் கூட்டியவன் நான்தான். ஓடிவந்த வண்டியில் இஞ்சின் எப்படி இல்லாமல் போகும் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. கூட்டம் சேரச் சேரக் குரல் உயர்ந்தது. போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றேன். தொப்பூர் கணவாயில் இதற்கென்றே ஒரு கும்பல் இருக்கிறது என்றேன். அந்தக் கும்பல் அப்போதுதான் என் வாயில் பிறந்திருந்தது.

தர்மபுரிக்கும் மாரண்டஹள்ளிக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டர். நாளெல்லாம் வண்டியில் நின்றுகொண்டே போகிறவனுக்கு வண்டியைப் பற்றித் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்பது என் எண்ணம். பாலக்கோடு சந்தை நாளில் எங்கள் பஸ் சந்தை வாசலில் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்தில்தான் நான் உலகத்துக்கு உதவி செய்வது வழக்கம்.

அந்த வண்டியை ஓட்டிவந்தது ஒரு பெண். அதற்கே பாதி சந்தை தக்காளிக் கூடையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. வண்டியின் பக்கவாட்டில் திரை கட்டிக்கொண்டிருந்த அவர் என் கூச்சலைக் கேட்டு வந்தார். வாயில் கவ்வியிருந்த ஊசியை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டு, நான் திறந்துவைத்த மூடிக்குள் எட்டிப் பார்த்தார். ஸ்டெப்னியும் லைனிங் துணி மூட்டையும் இருந்தன.

"இது துணி வெக்கற எடமுங்க," என்றார். "இப்பிடி வாங்க."

என்னைக் கூட்டிக்கொண்டு போய் வண்டியின் பின்பக்கம், சரியாகப் புகைக்குழாய்க்கு நேராக நிறுத்தினார். திரும்பிப் போய் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். என் காக்கிச் சட்டை கறுப்புச் சட்டையானது. முன்னாலிருந்து சத்தம் வந்தது:

"கெடச்சுதுங்களா?"

அன்றிலிருந்து எனக்கு 'இஞ்சின் காணோம்' என்று பேர். எங்கள் பஸ் வழியில் நின்றால் டிரைவரை யாரும் கேட்க மாட்டார்கள். "கண்டக்டரே, எறங்கிப் பாருங்க, இருக்குதான்னு," என்பார்கள்.

அக்கா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். அந்த வண்டி ஒரு வெள்ளைக்காரத் தம்பதியின் வீடு. அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி, நாடு நாடாக வந்தவர்கள் தொப்பூர் கணவாயில் வண்டி மல்லாந்துவிட, நடந்தே போய்விட்டார்களாம். வண்டி பல கை மாறி ஏலத்துக்கு வந்தபோது அக்கா எடுத்தார். உள்ளே கட்டில் இருந்தது, கை கழுவத் தொட்டி இருந்தது, ஜன்னலுக்கெல்லாம் திரை இருந்தது. அக்கா அதில் ஒரு தையல் மெஷினை போல்ட் போட்டு இறுக்கினார். வாரம் முழுக்கச் சந்தை சந்தையாகப் போனார்: பாலக்கோடு, மாரண்டஹள்ளி, நல்லம்பள்ளி.

அவர் தைத்தது ரவிக்கை மட்டும். அதுவரை எங்கள் பக்கத்துப் பெண்கள் ரவிக்கை தைக்கும் விதமே வேறு. பழைய ரவிக்கை ஒன்றை வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்புவார்கள். தையல்காரர் அதை மேசைமேல் விரித்து, அதைப் பார்த்துப் புதிதை வெட்டுவார். பழையதில் கை இறுக்கமென்றால் புதிதிலும் இறுக்கம். என் மனைவியின் ரவிக்கை ஒன்றில் எலி கடித்த இடத்தைச் சுருக்கித் தைத்திருந்தாள். புதிதாக வந்ததிலும் அதே இடத்தில் அதே சுருக்கம் இருந்தது. தையல்காரர் அவ்வளவு நேர்மை.

அக்கா அந்த வழக்கத்தை ஒழித்தார். திரையை இழுத்து, ஆளை நிறுத்தி, உடம்பில் அளவெடுத்தார். அதற்காக அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: பக்கக் கதவின் இரும்புப் படியில் ஆம்பளைக் கால் படக்கூடாது. ஒருதரம் பட்டாலும் போதும், மறுவாரம் ஒரு வீட்டுக்காரரும் தன் பெண்டாட்டியை அனுப்ப மாட்டார், கடையும் படுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் யாருக்கும் விலக்கில்லை. வண்டிப் பேப்பர் பார்க்க வந்த போலீஸ்காரருக்குப் படிக்கு வெளியே நின்றுதான் பேப்பர். ஊரிலிருந்து வந்த கூடப் பிறந்த அண்ணனுக்கு, சோற்றுத் தட்டு வெளியே வரும். அண்ணன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அவருடைய வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். ஓடிப்போனார் என்றும், இவர்தான் ஓடிவந்தார் என்றும். ஒருநாள் மிளகாய் மண்டிக்காரர் ஒருவர் நேராகவே கேட்டார்: "ஏம்மா, உங்க வூட்டுக்காரரு எங்க?"

"அளவு சேரலீங்க," என்றார் அக்கா. துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எனக்குச் சட்டம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஓட்டை எங்கே என்று தேடாமல் இருக்க முடியாது. உள்ளே போன பெண்கள் ஏன் அப்படிச் சிரிக்கிறார்கள்? என் மனைவி போனால் வெளியே வரும்போது முகம் சிவந்திருக்கும், கண்ணில் தண்ணீர் நிற்கும்.

"உள்ள என்னாதான் இருக்குது?"

"துணி."

"துணியப் பாத்தா அவ்ளோ சிரிப்பு?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, போங்க."

ஒருதரம் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனேன். வெயிலில் வந்த வண்டி, ரேடியேட்டருக்கு ஊற்றுகிறேன் என்று படியில் காலைத் தூக்கினேன். அக்கா அளவு ஸ்கேலைக் குறுக்கே நீட்டினார். "இந்த வண்டிக்குத் தண்ணியே கெடையாதுங்க. காத்துலதான் ஆறும். நீங்க ஒரு வாய் குடிங்க." குடத்தைக் கீழே வைக்க வெட்கப்பட்டு, பாதியைக் குடித்தே விட்டேன்.

அவருடைய சட்டத்துக்கு இடைஞ்சலாக இருந்தது நான் அல்ல, இஞ்சின். அது வண்டியின் வாலில், கட்டிலுக்கு அடியில் இருந்தது. வெளியிலிருந்து திறக்க ஆதியில் ஒரு மூடி இருந்ததாம். வெள்ளைக்காரர்கள் அதை எடுத்துவிட்டுத் தகரம் அடித்து அடைத்து, அதன்மேல் ஒரு தண்ணீர்த் தொட்டியை போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். உள்ளே போய், கட்டிலை மடித்து, தரைப்பலகை ஒன்றைத் தூக்கினால்தான் இஞ்சின் தலை தெரியும். உள்ளே மெக்கானிக் போக முடியாது. மெக்கானிக் ஆம்பளை.

தர்மபுரி ரோட்டில் பட்டறை வைத்திருந்த பாய்தான் வண்டிக்கு வைத்தியர். அவர் வெளியே சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தகரச் சுவரைப் பார்த்துக் கத்துவார். அக்கா உள்ளே குப்புறப் படுத்து, பலகைச் சந்தில் கையை விட்டுக்கொண்டு பதில் சொல்வார்.

"தங்கச்சி, கைக்கு என்னா தட்டுப்படுது?"

"சூடா ஒண்ணு."

"அதத் தொடாத!"

"தொட்டாச்சு பாய். அடுத்து?"

ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது எல்லாம் இப்படித்தான் நடந்தது. எங்கள் பஸ் டிரைவர் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "எங்க ஊட்டுப் பிரசவம்கூட இவ்ளோ சத்தமா நடக்கல," என்றார்.

சந்தையைக் குத்தகை எடுத்திருந்தவருக்கு அக்காவின் வண்டி நின்ற இடத்தின்மேல் கண். சந்தை வாசலுக்கு அடுத்த மூலை அது. வருகிறவர்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான் வர வேண்டும். அங்கே தன் மச்சானுக்கு ஜவுளிக்கடை போட்டுத்தர நினைத்தார். ஆனால் சந்தைக்கு வந்து போகும் வண்டிகளுக்கு அந்த மூலை என்பது பழைய ஏற்பாடு. வண்டியை அவரால் விரட்ட முடியாது. அதனால் பொறுமையாகக் காத்திருந்தார். "வந்து போனாத்தாம்மா வண்டி. நின்னு போச்சுன்னா அது கட. கடைக்கு எடம் நான் சொல்ற ஆளுக்குத்தான்," என்று அக்கா காதில் படும்படி அவ்வப்போது சொல்லிவைப்பார்.

அவர் காத்திருந்த நாள் வந்தது. வண்டி சந்தைக்குள் நுழையும்போதே பின்னால் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். தன் மூலைக்கு வந்து சேர்ந்ததும் அக்கா சாவியை அணைத்தார். ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. காற்றில் ஆறுகிற இஞ்சினுக்கு அந்த ஃபேன்தான் காற்று. அது சுற்றாமல் ஓட்டினால் இஞ்சின் வெந்துவிடும்.

பாய்க்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தார். அக்காவைப் பலகையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். பிறகு எழுந்து தாடியைத் தட்டிக்கொண்டார்.

"அறுந்த பெல்ட்டு புல்லிச் சக்கரத்துக்குப் பின்னால போயி சுத்திக்கிச்சு தங்கச்சி. நட்டக் கழட்டணும். நட்டு பின்னாலப் பாத்து இருக்குது; மேல இருந்து ஸ்பேனர் திரும்பாது. தரைப்பலகைய முச்சூடும் பேத்துட்டு நான் உள்ள எறங்கணும்."

"ஆம்பள உள்ள வர்றதில்ல பாய்."

"நான் என்னா ஆம்பள? மெக்கானிக்கு."

"அப்ப தாடி எதுக்கு?"

பாய் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அதற்குள் குத்தகைக்காரர் வந்துவிட்டார். தனியாக வரவில்லை, ஒரு ஜோடி மாட்டையும் மாட்டுக்காரனையும் கயிற்றோடு கூட்டிக்கொண்டு வந்தார். "சந்த கலையறதுக்குள்ள இது தானா அசையணும். இல்லன்னா மாட்டக் கட்டி இழுத்து ரோட்டுல உட்டுருவேன். அப்பறம் இந்தப் பக்கமே வரக்கூடாது."

"அசையும்," என்றார் அக்கா.

"எப்பிடி அசையும்? பாயத்தான் உள்ள உட மாட்டேங்கறியே. ஒரு ஆள் ஏறி எறங்கினா என்னா கொறஞ்சிருது? தள்ளும்மா இப்பிடி." சொல்லிக்கொண்டே அவர் படியில் காலை வைக்கப் போனார்.

அக்காவின் ஸ்கேல் குறுக்கே வந்தது. "உள்ள ஆள் இருக்குதுங்க."

"எவ இருந்தா என்னா, வெளிய வரச் சொல்லு!"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நாந்தாங்க இருக்கறன். அளவு குடுத்துக்கினு அரைகுறையா நிக்கறன். வாங்க. பாயையும் அந்த மாட்டுக்காரனையும்கூடக் கூட்டிக்கினு வாங்க."

குத்தகைக்காரரின் வீட்டுக்காரம்மா.

காய்ந்த தோசைக்கல்லில் வைத்ததுபோலக் குத்தகைக்காரர் காலை எடுத்தார். சந்தையில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தக்காளி விலையைப் பற்றித் திடீரென்று ரொம்பக் கவலைப்பட்டார்கள். ஆனால் அவர் போய்விடவில்லை. வெட்கப்பட்ட மனுஷனுக்குப் பிடிவாதம் இன்னும் கூடும். மாட்டை வண்டிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "சந்த கலையட்டும்," என்று கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா படியை விட்டிறங்கி வண்டியின் பின்பக்கம் போனார். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். அதன் பின்னால் இருந்த தகரத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தார்.

ஒரு பெண்ணுக்கு எடுப்பது மாதிரியே அளவெடுத்தார். அகலம், உயரம், கீழ்ச்சுற்று. வாய்க்குள் எண்களை முணுமுணுத்துக்கொண்டார். பாயைக் கூப்பிட்டு, "நட்டு எந்த மட்டத்துல இருக்குது, கையக் காட்டுங்க," என்றார். அங்கே ஒரு புள்ளி வைத்தார். தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் காலத்துத் தொட்டி, அக்கா குடிக்கவும் குளிக்கவும் அதுதான் தண்ணீர். அது சந்தைப் புழுதியில் கொட்டி, மாட்டின் கால்வரை ஓடியது.

தையல் சாக்கட்டியால் தகரத்தில் கோடு போடத் தொடங்கினார். பாதிக் கோட்டில் சாக்கட்டி உடைந்து விழுந்தது. வேறொரு துண்டை எடுத்து, விட்ட இடத்திலிருந்து கோட்டை நேராக முடித்தார்.

"இது மேல வெட்டுங்க பாய்."

பாய் உளியை வைத்துக்கொண்டு தயங்கினார். "பின்னால எண்ணெக் குழா எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. அடிச்சட்டத்துல பட்டுச்சுன்னா வண்டி முதுகு ஒடைஞ்சிரும். வெட்டினா ஒட்டாது தங்கச்சி."

"துணியும் அப்பிடித்தான் பாய். வெட்டாம எவ ரவிக்க தெச்சா?" பிறகு ஒன்று சேர்த்துக்கொண்டார். "ஓரத்துல மடிப்புக்கு உட்டு வெட்டுங்க. இல்லன்னா கையக் கிழிக்கும்."

உளிச் சத்தம் கேட்டுப் பெண்கள் கூடினார்கள். மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, தலையில் கீரைக்கட்டோடு, "பிட பேடா அக்கா! பிட பேடா!" என்று கன்னடத்தில் கத்தினார். விடாதே, விடாதே. அதைப் பிடித்துக்கொண்டு தமிழ்க்காரிகளும் தெலுங்குக்காரிகளும் 'பிட பேடா' என்றே கத்தினார்கள். குத்தகைக்காரரின் வீட்டுக்காரம்மா ஜன்னல் திரை விலகாமல் விரலை மட்டும் நீட்டி, என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தகரம் மடங்கிக் கீழே விழுந்தது. எண்ணெய்க் குழாய் ஒரு விரல்கடை தள்ளி ஓடியது. மேலே தரைப்பலகை மூடியே இருந்தது. கடையின் உள்பக்கம் ஒரு நூல்கூடத் தெரியவில்லை. தெரிந்தது அழுக்கேறிய இஞ்சின் மட்டும். நான் குனிந்து பார்த்தேன். என்னையறியாமல் கத்திவிட்டேன்:

"இருக்குது!"

அன்றைக்குச் சந்தை சிரித்த சிரிப்பில் குத்தகைக்காரரும் கொஞ்சம் சேர்ந்துகொண்டார் என்பது என் ஊகம்.

பாய் தரையில் உட்கார்ந்து, ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி, உடம்பைப் போட்டு அழுத்தி நட்டைக் கழற்றினார். பெல்ட்டுச் சிதைவை உருவி எடுத்தார். ஆனால் புது பெல்ட்? அந்த வண்டிக்கு பெங்களூரிலிருந்துதான் வரவேண்டும். அக்கா ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பார்வை என் தோளில் நின்றது. அங்கே என் டிக்கெட் பை தொங்கியது, தடித்த தோல் வாரில்.

"அது என்னா தோலுங்க கண்டக்டரே?"

"மொதலாளி தோலுங்க," என்றேன். பயத்தில் அப்படித்தான் வந்தது.

"கொஞ்சம் குடுங்க." கொடுக்கிறேன் என்று நான் சொல்வதற்குள் கத்திரி பேசிவிட்டது. சில்லறையை மடியில் ஏந்திக்கொண்டு நின்றேன். அக்கா வாரை இரட்டையாக மடித்தார், புல்லியைச் சுற்றி அளவு பார்த்தார், கோணி ஊசியில் மெழுகு நூலைக் கோத்துக் கையாலேயே தைத்தார். ஒவ்வொரு தையலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

பாய் மாட்டிப் பார்த்தார். "ஒரு சுத்துக்குத் தாங்கும். ரெண்டாவதுக்கு நான் பொறுப்பில்ல."

"ஒண்ணு போதும்."

அக்கா ஏறினார். சாவியைத் திருப்பினார். இந்தத் தடவை நான் புகைக்குழாய்க்கு நேராக நிற்கவில்லை. அறிவு என்று எனக்கும் கொஞ்சம் உண்டு. வண்டி மாட்டைச் சுற்றிக்கொண்டு கிளம்பியது. தக்காளிக் கூடைகளுக்கு ஓரமாக, மிளகாய்க் குவியலுக்கு ஓரமாக, ஆடு மாடு கட்டும் கோடிவரை போய், மெதுவாகத் திரும்பி, அதே மூலைக்கு, அதே சக்கரத் தடத்தின்மேல் வந்து நின்றது. தோல் கருகும் வாசனை சந்தை முழுக்க.

அக்கா தலையை வெளியே நீட்டிக் குத்தகைக்காரரிடம் சொன்னார்: "நீங்க சொன்ன மாதிரி போய்ட்டேங்க. இப்ப வந்துட்டேன்."

அவர் வாயைத் திறக்குமுன் பக்கக் கதவு திறந்தது. சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிய அவர் வீட்டுக்காரம்மா, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு படியில் இறங்கினார். "வூட்டுக்குப் போலாங்களா?" என்றார். போனார்கள். மாடும் போயிற்று.

அந்த வாரமே பாய் அந்த ஓட்டைக்கு ஒரு கதவு போட்டார். மேலே கீல், இரண்டு பக்கமும் பெரிய பெரிய கொக்கி. கொக்கி வைக்கச் சொன்னது அக்கா. வண்டிக்கு முதுகில் கொக்கி வைத்து ரவிக்கை தைத்துவிட்டதாக ஊர் பேசிக்கொண்டது. பாய்க்குக் கத்துகிற வேலை ஒழிந்தது. ஆனாலும் பழக்கதோஷத்தில், திறந்த இஞ்சினுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நாள் கத்திக்கொண்டுதான் இருந்தார். நான் வாரக்கணக்கில் சில்லறையைத் துண்டில் முடிந்துகொண்டு டிக்கெட் போட்டேன். முதலாளி ஏசிய ஏச்சை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. அக்கா பிறகு எனக்குப் புது வார் தைத்துக் கொடுத்தார். வேலை போன பிறகும் அது அறுந்துபோகவில்லை.

எழுபதுகளின் கடைசியில் இஞ்சின் நிஜமாகவே செத்தது. பாய் அந்தக் கொக்கிக் கதவு வழியாக அதைத் துண்டு துண்டாக வெளியே எடுத்தார். வண்டியை நல்லம்பள்ளிப் பக்கம் ஒருவர் நிலத்தில் செங்கல் வைத்து நிறுத்தினார்கள். ரவிக்கைகள் இப்போது சந்தைக்கு வரவில்லை. சந்தைதான் ரவிக்கைக்குப் போயிற்று.

மனைவியைக் கூட்டிக்கொண்டு நானும் போனேன். அவள் படியேறி உள்ளே போய்த் திரையை இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு தொடங்கியது. நான் வெயிலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். பின்பக்கம் போய்க் கொக்கியைக் கழற்றிப் பார்த்தேன். வெறும் பொந்து; ஒரு பூனை படுத்திருந்தது. அன்றைக்குச் சந்தையில் 'இஞ்சினக் காணோம்' என்று நான் கத்தியது கடைசியில் உண்மையாகிவிட்டது. அந்தத் தைரியத்தில் முன்னால் வந்து படியில் ஒரு காலைத் தூக்கி வைத்தேன்.

"அக்கா," என்றேன், "இப்பத்தான் இஞ்சினே இல்லியே. இனிமே இது வண்டியும் இல்ல, சந்தயும் இல்ல, சும்மா ஒரு வூடு. வூட்டுக்கு வந்தவன உள்ள வாங்கன்னு சொல்லக் கூடாதுங்களா?"

கத்திரிச் சத்தம் நின்றது. சிரிப்பும் நின்றது. திரை அசையவில்லை.

"இஞ்சின்தான் போச்சு."